‘அழுதுச்சு’ என்றுதான் சொல்ல வேண்டும்

“…அதனால இப்ப சொல்லிப்புடாதீங்க ஆயாம்மா. என்னா புள்ளன்னு தெரிஞ்சிட்டா, அப்புறம் அது அவங்களுதோ என்னுதோ ஆயிடும். இன்னும் கொஞ்ச நேரம் வெறும் கொழந்தையாவே இருக்கட்டும்.”

சொன்னவள் அஞ்சலை. மூச்சு இன்னும் சீராகவில்லை. நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியை ஒதுக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை. ஆனால் பேச்சு தெளிவாக வந்தது. குழந்தை பிறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் கட்டில் ஓரமாக நின்றிருந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பாக்டரி ஆட்கள் அதிகம் குடியிருந்த பக்கம் ஒரு சின்னப் பிரசவ விடுதி இருந்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை, பெயர் எதற்கு? இரண்டு கட்டில், சுவரோரம் ஒரு பெஞ்சு, ஒரு நர்சம்மா, ஒரு ஆயா. ஆயா நான்தான். அங்கே வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் சொல்லிவிட்டேன்.

அது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அறுபதுகளின் கடைசியாக இருக்கலாம். எனக்கு வருஷம் மனசில் தங்காது, பேச்சுதான் தங்கும். காலை நேரம் என்பது நினைவிருக்கிறது. கழுவி விட்ட சிமெண்டுத் தரை காயாமல் டெட்டால் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியை எத்தனை முறை துடைத்தாலும் துணியில் வெள்ளை மண் வரும். அன்றும் வந்தது.

அந்த விடுதியில் எத்தனையோ பெண்கள் “என்னா புள்ள? சொல்லுங்களேன்!” என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்கள். சொல்லாதே என்று கேட்டவள் அஞ்சலை ஒருத்திதான். அது ஏன் என்று புரிய, முதலில் எங்கள் விடுதியின் ஒரு சட்டம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கொடி விழும் வரை

குழந்தை வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள். முடியாது. நஞ்சுக்கொடி விழ வேண்டும். அதற்குப் பத்து நிமிஷமும் ஆகும், அரை மணியும் ஆகும். அது விழும் வரை, பிறந்தது ஆணா பெண்ணா என்று தாயிடம் சொல்லக் கூடாது.

எதிர்பார்த்தது இல்லை என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும், மனசு விட்டுப்போனால் உடம்பும் விட்டுப்போகும், கொடி உள்ளேயே நின்றுவிடும், ரத்தம் நிற்காது என்று பயம். டாக்டர் படிப்பில் இது எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது ஐந்தாவது வரைதான், மிச்சமெல்லாம் மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தில் படித்தது. நர்சம்மா சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

“அவங்க என்ன கேட்டாலும் ஒனக்குக் காது கேக்காது. கைக்கு மட்டும்தான் வேலை” என்பார்.

ஆனால் தமிழில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்த வார்த்தையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். ‘அழுதான்’ என்றால் ஆண். ‘அழுதாள்’ என்றால் பெண். ஒரே ஒரு எழுத்து. அதனால் பிரசவ அறைக்குள் நாங்கள் வேறு தமிழ் பேசினோம். அழுதுச்சு, தும்முச்சு, கண்ணத் தொறந்துச்சு, காலை ஒதைக்குது. எல்லாம் ‘அது’தான். நர்சம்மா மட்டும் ‘பேபி, பேபி’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

பெற்றவள் லேசுப்பட்டவளா? உடம்பில் ஒரு சொட்டு பலம் இருக்காது. மூளை மட்டும் வக்கீல் மாதிரி வேலை செய்யும்.

“அவங்க அப்பன மாதிரியே இருக்கானா ஆயாம்மா?”

“நல்லா இருக்குதும்மா.”

“கறுப்பா இருக்காளா?”

“கலரு இப்பத் தெரியாது. அழுறப்ப எல்லாம் செவப்புத்தான்.”

இங்கே பக்கத்தில் இருக்கிற மங்களூர் கிராமத்திலிருந்து வந்த ஒருத்தி எல்லாரையும் மிஞ்சினாள். “பேரு என்னா வெக்கலாம்? நீங்களே நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க” என்றாள், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. வாய் வரை ஒரு பெயர் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பத்து மாசம் என் வவுத்துல இருந்ததும்மா அது. நீ பாத்துட்ட, நர்சு பாத்துட்டாங்க, அந்த ஜன்னல்ல ஒக்காந்திருக்குற காக்காகூட பாத்துடுச்சு. எனக்கு மட்டும் சொல்ல மாட்டீங்க. நல்லா இருக்குதே ஞாயம்!”

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே வெந்நீர் எடுக்கப் போய்விட்டேன்.

நான் போட்ட ஒரு ‘டா’

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒருமுறை சறுக்கினேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். பிரியம் வந்தால் பெண் குழந்தையையும் ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவேன். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிற பச்சையம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று பெண். நான்காவதும் பெண்ணாகப் பிறந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வீறிட்டு அழுதது.

“அழாதடா என் ராசா, முடிஞ்சிடுச்சுடா” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது எனக்கே தெரியாது. நர்சம்மா முறைத்தபோதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அப்படி ஒரு நிம்மதி. இப்போது போய் இல்லை என்று சொல்ல முடியுமா? கொடி விழவில்லையே. நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அன்றைக்கென்று அது விழ அரை மணி ஆனது.

விழுந்த பிறகு நர்சம்மாதான் சொன்னார். பச்சையம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடிப்பாளோ, திட்டுவாளோ என்று நான் நிற்கிறேன்.

“அரமணி நேரம் ஆம்பளப் புள்ள பெத்தவளா இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு போ” என்றாள். அப்புறம், “குடு அந்த ராசாவ” என்று கையை நீட்டினாள்.

நர்சம்மா ஒரு வாரம் என்னைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. துணி துவைத்துக்கொண்டு கிடந்தேன். அது எனக்கு வேண்டியதுதான்.

“யாரு இது?”

சினிமாவில் பிள்ளை பெற்றவள் உடனே அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விடுவாள். நான் அந்த அறையில் நின்ற வருஷங்களில் அப்படி அழுதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் வருவது குளிர் நடுக்கம். மே மாசத்திலும் பல் கிடுகிடுக்கும். அப்புறம் தாகம். அதற்குப் பிறகுதான் பேச்சு. அந்த முதல் பேச்சு இன்னதாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“நான் ரொம்ப கத்திட்டனா? எங்க மாமனாரு வெளிய நிக்கிறாரா?” என்று கேட்டவள் உண்டு. “எங்க ஆட்ட யாராச்சும் கட்டுனாங்களான்னு கேளுங்க” என்றவள் உண்டு. டீச்சர் ஒருத்தர், கிறிஸ்தவர். கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். முடித்ததும் கண்ணைத் திறந்து, “மணி என்னங்க? மொத பீரியடு ஆரம்பிச்சிருக்குமே” என்றார். புருஷனை மூன்று தலைமுறை இழுத்துத் திட்டிவிட்டு, “அவுரு சாப்ட்டாரா?” என்று கேட்டவளும் உண்டு.

ஒரு பெண், பத்தொன்பது இருபது வயது இருக்கும், குழந்தையைக் காட்டியதும் ரொம்ப நேரம் பார்த்தாள். “யாரு இது?” என்றாள். அதில் கோபமும் இல்லை, விளையாட்டும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவரைப் பற்றிக் கேட்பது மாதிரி கேட்டாள். நான் மிரண்டு போய் நர்சம்மாவைப் பார்த்தேன். அவர், “விடு. இன்னிக்கித்தான பாக்குறா. பழகட்டும்” என்றார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிறந்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழ முடியாது என்பதுதான். பாசம் பொங்கவில்லை. பால் சுரந்தது, மனசு சுரக்கவில்லை. எல்லாரும் கொஞ்சினார்கள், நானும் கொஞ்சுகிற மாதிரி நடித்தேன். பத்துப் பதினோரு நாள் கழித்து அவன் ஒரு தும்மல் போட்டான். தும்மிவிட்டு, தும்மியது யார் என்று தேடுகிற மாதிரி முழித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் அவன் என் பிள்ளையானான்.

இதை ரொம்ப வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஆயா வேலைக்கு வந்த பிறகுதான் சொல்ல ஆரம்பித்தேன். ஏனென்றால் நர்சம்மா அந்தப் பக்கம் போனதும் பல பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் தோணலியே ஆயாம்மா. நான் கெட்டவளா?” என்று ரகசியமாகக் கேட்பார்கள்.

“கஞ்சியக் குடிச்சிட்டுத் தூங்கு. இது எங்கயும் போயிடாது, நீயும் எங்கயும் போயிட மாட்ட. மெதுவா வரட்டும்” என்பேன்.

அஞ்சலையிடம் மட்டும் அதைச் சொல்ல முடியவில்லை. அவள் விஷயத்தில் குழந்தையே போய்விடக்கூடியதாக இருந்தது.

வாசலில் முத்தம்மா

அஞ்சலை பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு ஆண் பிள்ளைகள். அவள் புருஷனுக்கு ஒரு அண்ணன். அவர் மனைவி முத்தம்மா. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. முத்தம்மா பாக்டரி வேலைக்குப் போகிறவள். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை.

அஞ்சலை மூன்றாவது முறை உண்டானபோது வீட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரு பேச்சு ஆனது. பிறப்பது பெண்ணாக இருந்தால் அஞ்சலைக்கு. ஆணாக இருந்தால் முத்தம்மாவுக்கு, பெற்ற பிள்ளையாகவே. யாரும் அஞ்சலையைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளேதான் முதலில் வாய் திறந்து சொன்னாள். அவளுக்குப் பெண் வேண்டும் என்று ஆசை, இரண்டு பையன்களோடு மல்லுக்கட்டியது போதும் என்று. ஓரகத்தி மேல் பிரியமும் உண்டு.

அதற்குப் பிறகு முத்தம்மா அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. வேலை முடிந்து வரும்போது மடியில் கட்டிக்கொண்டு ஏதாவது கொண்டுவருவாள். புளிப்பு மிட்டாய், நெல்லிக்காய், ஒருநாள் சூடான பக்கோடா. இதையெல்லாம் அஞ்சலைதான், வலி விட்டு விட்டு வந்த நேரத்தில் என்னிடம் சொன்னாள்.

அன்று காலை நான் குழாயடிக்குப் போனபோது முத்தம்மா பின்னாலேயே வந்தாள்.

“ஆயாம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆம்பளயா இருந்தா, அவ புள்ள மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடி என் கையில குடுத்துடுங்க. மார்ல வெச்சிட்டான்னா அப்புறம் அத வாங்குற தெம்பு எனக்கு இல்ல.”

அதைச் சொல்லும்போது அவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“அது அவங்க ரெண்டு பேரு பேச்சு. நமக்குக் கொடி விழணும், ரத்தம் நிக்கணும்” என்றார் அவர்.

பத்து மணி இருக்கும், குழந்தை பிறந்தது. ஆண்.

வேறு கட்டிலாக இருந்தால் அந்தச் சேதி சந்தோஷச் சேதி. சொந்தக்காரர்கள் சர்க்கரை வாங்க ஓடியிருப்பார்கள். இங்கே என் நாக்கை நான் கட்டிப்போட வேண்டியிருந்தது. ‘டா’ வந்துவிடுமோ என்று பயந்து, துடைத்த நேரம் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நானாக, “நல்லா அழுதுச்சு பாத்தியா?” என்றேன்.

“ம், கேட்டுச்சு” என்றாள். அவ்வளவுதான்.

கொடி நல்லபடியாக விழுந்தது. நர்சம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனபடியே, “சொல்லிடு” என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அஞ்சலை பேசினாள்.

“குடுக்கறேன்னு சொன்னது நான்தான் ஆயாம்மா. அன்னிக்கி எனக்கு வவுறே தெரியல, சொல்றது சுலுவா இருந்துச்சு. அதனால இப்ப சொல்லிப்புடாதீங்க” என்று தொடங்கி, நான் முதலில் எழுதியதைச் சொல்லி முடித்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே கதவு தட்டும் சத்தம். “அஞ்சல… ஏய் அஞ்சல, நல்லா இருக்கியாடி? சத்தம் கேட்டுச்சே. என்னா புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்!”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கொஞ்சம் இரு” என்று நர்சம்மா குரல் கொடுத்தார்.

அஞ்சலை தலையணையில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டாள். “இப்பிடிக் குடுங்க” என்றாள்.

நான் நர்சம்மாவைப் பார்த்தேன். குழாயடியில் முத்தம்மா கேட்டது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, “பெத்தவ கேக்குறா. குடு” என்றார்.

கொடுத்தேன். அவள் துணியை விலக்கவில்லை. சுற்றியது சுற்றியபடியே பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டாள். அந்த நாளில் முதல் மூன்று நாள் தாய்ப்பால் கொடுக்க மாட்டார்கள்; சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைப்பார்கள். இரண்டு பெற்றவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தாள். பிள்ளை அழுதபடியே இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

கதவுக்கு வெளியே சத்தம் நின்றுவிட்டது. பிள்ளையின் அழுகை நின்றது ஏன் என்று முத்தம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

அஞ்சலை அழவில்லை. காதைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்தாள். “நெத்தி எங்க அண்ணன் நெத்தி” என்றாள், தனக்குத் தானே. பிறகு, “எவ்ளோ நேரம் குடிக்கும்?” என்று என்னைக் கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் போல.

“அதுவா விடும்.”

அதுவாகத்தான் விட்டது. வாயோரம் ஒரு சொட்டு நின்றது. அதை விரலால் துடைத்தாள். பிள்ளையை மடியில் கிடத்தித் துணியை அவிழ்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நர்சம்மாவும் ஏதோ பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பியபோது துணி மறுபடி சுற்றியிருந்தது. நான் சுற்றியதைவிட இறுக்கமாக, கால் பக்கம் மடித்து நன்றாகச் சொருகி.

“அக்கா” என்று கூப்பிட்டாள். “உள்ள வாக்கா. ஆம்பளப் புள்ள.”

முத்தம்மா வந்தாள். கட்டில் கால்மாட்டோடு நின்றுவிட்டாள்.

“பாலு குடுத்திட்டியாடி?”

“குடுத்திட்டேன்.”

“அப்புறம் நான் எப்பிடிடி வாங்குவேன்?”

“பசிச்சுது, குடுத்தேன். பசிச்சா இனிமேயும் குடுப்பேன். ஒரே வூடுதானக்கா? கைய நீட்டு.”

முத்தம்மா நகரவில்லை. அஞ்சலை பிள்ளையைத் தூக்கி நீட்டியபடியே இருந்தாள். பிள்ளையின் பாரத்தில் கை தாழ ஆரம்பித்தது. அதைப் பார்த்துத்தான் முத்தம்மா முன்னால் வந்தாள்.

பாக்டரியில் சுடாத கோப்பைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குச் சுமந்து போகிற கை அவளுடையது. ஒன்றுகூட உடையாமல் சுமப்பாளாம். அதே மாதிரி இரண்டு முழங்கையையும் விறைப்பாக நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். தலை பின்னால் தொங்கியது.

எழுந்திருக்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அஞ்சலை ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்தாள். “இப்பிடி இல்லக்கா, தலயப் புடி. கழுத்து நிக்காது அவனுக்கு” என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு கையால் ஓரகத்தியின் முழங்கையைப் பிடித்து மடக்கி, அந்த மடிப்புக்குள் பிள்ளையின் தலையை எடுத்து வைத்தாள்.